மட்டை வைத்திருந்தவனின் ஆட்சி

சிறுவர் கூட்டங்களைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். அங்கே உடல் பலம் உள்ளவனே தலைவனாகிறான் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை (சிறு தெருவை) ஆட்டிப்படைத்தவன் ஒரு நோஞ்சான். ஆனால் கிரிக்கெட் மட்டை அவனுடையது! ஆட்டமிழந்தால் “முதல் பந்து கணக்கில்லை” என்பான். மறுத்துப் பேசினால் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பான். அவனுடைய வலக்கை யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். நேற்று அவனோடு ஐஸ்பழம் பகிர்ந்தவன், இன்று தண்டவாளத்தைத் தாண்டிய பந்தை எடுத்துவர ஓடுவான். அப்படி ஓடிக் களைத்த ஒருவனுக்கு லண்டன் மாமா புது மட்டை கொண்டுவந்தார். ஒரே மாலையில் ஆட்சி கவிழ்ந்தது.

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கி நடத்திய ஆய்வையும் கட்டுரை துணைக்கு அழைக்கிறது. அது பெரும்பாலும் குழுவுக்கும் குழுவுக்கும் மூளும் பகையைப் பற்றியது. அதிலும், முன்பின் அறிமுகமில்லாத பிள்ளைகளாகப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். ஒழுங்கைப் பிள்ளைகளோ பிறந்ததிலிருந்தே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். காலையில் கோபம் போட்டவனுக்குப் பக்கத்தில்தான் மாலை கணித வகுப்பில் உட்கார வேண்டும். அவனுடைய அழிறப்பரைத்தான் கேட்கவும் வேண்டும். இதைக் கட்டுரையாளர் கணக்கிலேயே எடுக்கவில்லை.