நவாஹோ மக்கள் மின்சாரம் வேண்டாம் என்றார்களா?

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் நவாஹோ பழங்குடியினர் "மரபைக் காக்க மின்சாரத்தையும் புது வீட்டையும் தாங்களாகவே மறுத்தவர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாராட்டுவது போல இருந்தாலும் இது தவறு.

அவர்கள் மறுக்கவில்லை, அவர்களுக்குத்தான் மறுக்கப்பட்டது. நவாஹோ, ஹோபி ஆகிய இரு பழங்குடிகளும் உரிமை கோரிய சுமார் 15 லட்சம் ஏக்கரில், 1966-ல் ராபர்ட் பென்னட் என்ற மத்திய அதிகாரி கட்டுமானங்களை முடக்கினார். ஹோபி தரப்பின் ஒப்புதல் இல்லாமல் வீடு கட்டவோ, மின்கம்பம் நடவோ, குடிநீர்க் குழாய் பதிக்கவோ முடியவில்லை. ஒழுகுகிற கூரையைச் சரிசெய்வதற்கும் இதே கதிதான். பல குடும்பங்கள் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வண்டியில் கொண்டுவந்தே காலம் தள்ளின. பிள்ளைகளுக்குக் கல்யாணமானாலும் பக்கத்தில் ஒரு அறை கட்டித்தர வழியில்லை. இப்படியே 40 ஆண்டுகளுக்கு மேல் போனது. இதையா விருப்பம் என்பது?

"அரசு யாரையும் வெளியேற்றவில்லை" என்றும் அதே செய்தி சொல்கிறது. அதுவும் பொய். இந்தப் பகுதிக்குக் கிழக்கே, இரு தரப்பும் பொதுவாகப் பயன்படுத்திய நிலத்தை 1974-ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தது. அதனால் 10,000-க்கும் மேற்பட்ட நவாஹோக்கள் இடம்பெயர நேர்ந்தது.

சரி, எங்கே பார்ப்பது? 1974-ஆம் ஆண்டின் 93-531 எண் சட்டமும், தடையை நீக்கிய 2009-ஆம் ஆண்டின் 111-18 எண் சட்டமும் அமெரிக்க நாடாளுமன்ற இணையதளத்திலேயே உள்ளன.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.