பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரி போச்சு என்று அர்த்தமில்லை

"பழைய காரில் பேட்டரி விளக்கு எரிந்தால் புது பேட்டரி போட்டால் சரியாகிவிடும்" என்று பலர் சொல்வது தவறு. இன்ஜின் ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். புது பேட்டரியும் வடிந்து வண்டி வழியிலேயே நின்றுவிடும்.

இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) சுற்றும் பெல்ட்டின் தளர்வு, ஆல்டர்னேட்டர் வயர், பிறகு அதற்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் பாருங்கள். ஓடித் தேய்ந்த வண்டிகளில் பலமுறை பிரஷ்தான் காரணம். அதை மட்டும் மாற்றினாலே போதும், முழு ஆல்டர்னேட்டர் வாங்க அவசரப்படாதீர்கள்.

பெல்ட் அறுந்திருந்தால் தயவுசெய்து ஓட்டவே வேண்டாம். பல இன்ஜின்களில் குளிர்விக்கும் தண்ணீரை ஓடவிடும் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது; சில நிமிடங்களில் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீல்) போய்விடலாம்.