கூடு வாங்கித் தரட்டா?

இதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் பரிசளிப்பு மேடையில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பகிடி பண்ணின அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பகிர்கிறவர்களில் பாதிப்பேர் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். இனியும் சும்மா இருந்தால் நான் படித்த படிப்புக்கு மரியாதை இல்லை.

எந்த விழா, யார் அந்தப் பிரமுகர் என்று சொல்லத் தேவையில்லை. திருகோணமலையில் தெரியாத ஆள் இல்லை. பரிசு வாங்க மேடைக்கு வந்த பிள்ளையிடம் "என்ன படிக்கப்போறீர்?" என்று மைக்கில் கேட்டார். "பறவைகளின் மரபியல், பரிணாமம்" என்றாள். "அப்ப ஒரு கூடு வாங்கித் தரட்டா பிள்ளை?" என்றார். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள். நீட்டின கை அப்படியே நிற்கிறது, சான்றிதழை வாங்குவதா விடுவதா என்று தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து ஏன் ஐயா சிரிக்கிறீர்கள்? அதுவும் உங்கள் வளவுக்குள்ளேயே நடக்கிற ஒன்றைப் பார்த்து?

எங்கள் உப்புவெளி வீட்டில் பட்டுப்போன தென்னை ஒன்று நின்றது. காலையில் மரங்கொத்தி வரும். வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டு இரண்டு கொத்து, பிறகு தலையைச் சரித்து ஒரு பார்வை. நாங்கள் கிட்டப் போனால் பறக்காது, மரத்தைச் சுற்றி மற்றப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். அம்மம்மா பருத்தித்துறைக்காரி. அவர் ஊர் மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். மட்டக்களப்பில் மாமா வீட்டில் நான் பார்த்ததற்கு நல்ல சிவப்பு. எங்கள் தென்னைக்கு வந்தது இரண்டுமில்லை, மஞ்சளில் குங்குமம் சிந்தியது போல ஒரு நிறம். "வயசு போன குருவி, சாயம் வெளுத்துப்போச்சு" என்று அம்மம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

கம்பசில் ஒரு விரிவுரையில்தான் அந்தக் குருவியைத் திரும்பப் பார்த்தேன், திரையில். வடக்கில் பொன்முதுகு மரங்கொத்தி, தெற்கில் செம்முதுகு மரங்கொத்தி, இரண்டும் சந்தித்துக் கலக்கிற இடங்கள் புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை. ஆம், திருகோணமலை! பறவைகளில் புதிய இனம் எப்படி உருவாகிறது, இரண்டு இனங்கள் கலந்தால் எது மிஞ்சுகிறது என்று கேட்கிறவர்களுக்கு இப்படி ஒரு கலப்பு வலயம் பெரிய புதையல். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பரிணாம உயிரியலாளர் சம்பத் செனவிரத்ன, சமிந்த பெர்னாண்டோ, கனடாவின் டேரன் அர்வின் ஆகியோர் இறகு நிறத்தையும் உடல் அளவுகளையும் டிஎன்ஏயையும் வைத்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செம்முதுகு மரங்கொத்தியைத் தனி இனமாகவே கொள்ளலாம் என்பது முடிவு. அதற்கு முன்பு பலர் அதைப் பொன்முதுகின் துணையினம் என்றுதான் வைத்திருந்தார்கள். உலகத்தில் இலங்கையில் மட்டும் இருக்கிற பறவை அது. அது மற்றதோடு கலக்கிற எல்லையில் நாங்கள் குடியிருக்கிறோம். அதைப் படிக்கப்போகிறேன் என்று இந்த ஊர்ப் பிள்ளை சொன்னால் கூடு வாங்கித் தருவீர்களாம்.

"ரீச்சர், அவர் பகிடிக்குத்தானே சொன்னார்" என்று இன்பொக்சில் எழுதியிருக்கிறார்கள். பகிடிதான், எனக்கும் விளங்கும். அடுத்து வந்த பையன் "மெடிசின்" என்றதும் ஏன் பகிடி வரவில்லை? "ஊசி வாங்கித் தரட்டா" என்று கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. எழுந்து கைகுலுக்கினார், பொன்னாடையையும் தொட்டுச் சரிசெய்துகொண்டார். எது படிப்பு, எது பொழுதுபோக்கு என்று அந்த ஒரு நிமிடத்தில் மண்டபத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தி முடித்துவிட்டார். வருஷம் முழுக்க நான் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவதை ஒரு பகிடி அழித்துவிடும். அதனால்தான் எரிகிறது.

அடுத்தது, "சனத்துக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை, இதில குருவி ஆராய்ச்சி." சரி, சாப்பாட்டுக்கே வருவோம். ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கும்போது காலைப் பாருங்கள், மஞ்சள். கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை, தென்னிந்தியக் காடுகளில் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லீஃப் ஆண்டர்சனின் குழு கண்டுபிடித்தது. உங்கள் கறிச்சட்டிக்குள் இருப்பதும் ஒரு கலப்புத்தான். கோழிப்பண்ணைக்காரருக்கு இந்த அறிவு வேண்டாமா? மன்னாரில் காற்றாலை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று இவ்வளவு சண்டை நடந்ததே, பறவை எந்த வழியால் போகிறது என்று தெரியாமல் எதை வைத்து வாதாடுவது? அங்கே ஜிபிஎஸ் கருவி பொருத்தி விட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்த் திரும்பி வந்தது. அதுவும் குருவி ஆராய்ச்சிதான்.

உண்மையைச் சொன்னால், எல்லாவற்றுக்கும் இப்படிப் பிரயோசனம் காட்டிக்கொண்டிருக்கவே எனக்கு விருப்பமில்லை. பீற்றர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973இல் பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவுக்குப் போனபோது யாருக்கு என்ன பிரயோசனம்? பிடித்த குருவிக்கெல்லாம் வளையம் போட்டு அலகை அளந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோக, மிஞ்சியது நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்ளுக்காய். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறுமே, அதன் சொந்தக்காரன். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அவர்கள் அளந்துவந்த இனத்தில் நூற்றுக்கு 85 அளவில் அழிந்துபோயின. தப்பியவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பு, அவற்றின் குஞ்சுகளுக்கும் அப்படியே. பரிணாமத்தைக் கண்ணால் பார்த்தார்கள் ஐயா! அந்த அலகுப் பருமனோடு தொடர்புள்ள மரபணுவை, எச்எம்ஜிஏ2, அதே ஆண்டர்சன் குழு கிராண்ட் தம்பதியோடு சேர்ந்து 2016இல் சொன்னது. மனிதரின் உயரத்தோடும் அந்த மரபணுவுக்குத் தொடர்பு இருக்கிறது. மெடிசின் படிக்கிற பிள்ளைகளும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

பரிணாமம் கடவுளுக்கு விரோதம் என்று எழுதிய அண்ணைக்கு என்னிடம் பதில் இல்லை. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேஸ்வரத்துக்குப் போகிறவள்.

"வேலை கிடைக்குமா?" இது நியாயமான கேள்வி. வேலை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயோ படிக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மெடிசின் கிடைக்கிறது? மூன்று முறை சோதனை எடுத்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் ஸ்கோரைப் பார்த்து அழுது, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஊர் என்ன வேலை கொடுத்தது? அவர்களைப் பார்த்து யாரும் பகிடி விடுவதில்லை. "பாவம், கொஞ்சத்தால தவறிப்போச்சு" என்கிறோம். தவறாமல், தானே விரும்பிக் குருவியைத் தேர்ந்தெடுத்தவளைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது.

எனக்கும் இது நடந்தது. எனக்கு மெடிசின் வேண்டாம் என்றுதான் விலங்கியல் சிறப்புப் பட்டம் செய்தேன். ஒருவரும் நம்பவில்லை. அப்பா இன்றைக்கும் வெளியே "மகள் சயன்ஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வார், மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கல்யாணம் பேசி வந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் தாய் "பிள்ளை குருவி பிடிக்கிற படிப்பாம்" என்று அடுப்படியில் நின்ற என் காதில் விழவே சொன்னார். தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே போய்ச் சிரித்துக்கொண்டு கொடுத்தேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மேடையில் அந்தப் பிள்ளை சிரித்ததும் அதே சிரிப்புத்தான்.

"நீங்களும் அதைத்தானே படிச்சீங்கள், கடைசியில் ரீச்சர் வேலைதானே" என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ஆம், ரீச்சர்தான். வகுப்பில் மரங்கொத்தி பற்றிச் சொன்ன மறுநாள் கன்னியாவிலிருந்து வருகிற ஒரு பையன் போனில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "ரீச்சர், இது எந்தப் பக்கம், மஞ்சளா சிவப்பா?" என்று கேட்டான். இடைவேளை மணி அடித்த பிறகும் அந்த மேசையைச் சுற்றி நின்று பிள்ளைகள் வாதாடினார்கள். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

பெரியப்பா, கடைசியாக உங்களுக்கு. அந்த வீடியோவின் கீழே "மெடிசின் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசு" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கமாட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். அம்மாவும் பார்த்துவிட்டார், அதற்கு இதயக்குறி போட்ட சித்தப்பாவின் பெயரையும் பார்த்துவிட்டார். கொமெண்ட்டை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். இந்த வருஷம் தீபாவளிக்கு நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்க வேண்டாம்.