ரோடு காலி என்றால் விதிமீறலும் காலியா?

"2020 ஊரடங்கில் ஒருத்தரும் டிராஃபிக் விதியை மீறவில்லை, விபத்தில் சாவும் இல்லை. ரோடு காலியாக இருந்தால் வேகம் ஆபத்தில்லை." வெறிச்சோடிய கிரீன் சர்க்கிள் சந்திப்பின் படத்தோடு வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. படம் சரி, நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான். சொல்லும் முடிவு தவறு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி, நாட்டில் விபத்துகள் 2019இல் இருந்த 4,49,002லிருந்து 3,66,138 ஆகக் குறைந்தன. அப்படியும் 1,31,714 பேர் இறந்தார்கள். நூறு விபத்துக்கு உயிரிழப்பு 2019இல் 33.7, 2020இல் 36. அதாவது மோதல் குறைந்தது, மோதினால் பிழைப்பது கடினமானது. இறந்தவர்களில் பத்தில் ஏறத்தாழ ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

காரணம் புரியாத புதிர் அல்ல. காட்பாடி ரோட்டில் நாம் திட்டித் தீர்க்கும் நெரிசல்தான் மற்ற நாளில் நமக்கு இலவச பிரேக். அது விலகினால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும். பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 2020இல் வண்டி ஓட்டம் வெகுவாகக் குறைந்தும், சாலைச் சாவு முந்தைய ஆண்டைவிடக் கூடியது.

இன்னொரு குழப்பம்: அப்போது போலீஸ் பிடித்த பைக்குகளில் பெரும்பாலானவை ஊரடங்கை மீறி வெளியே வந்ததற்காகப் பிடிபட்டவை. அந்தக் கணக்கு வேறு, வேகத்துக்கான வழக்கு வேறு.