அது திமிர் இல்லைங்க, நோய்

மூன்று நாளாக அந்த வீடியோவுக்குப் பதில் எழுதவே கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தேன். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். "சோறு திங்க மாட்டேங்கற பிள்ளைய நாலு நாளு காட்டுல களை வெட்ட உடுங்க, அஞ்சாம் நாளு தானா வட்டலை நீட்டும்" என்று மேடையில் பேசியதும், மண்டபமே கைதட்டியதும்தான். பேசினவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவருக்கு எங்களைத் தெரியாது. ஆனால் அதை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சிரிப்புப் பொம்மையோடு போட்டவர்களுக்கு எங்கள் வீட்டில் நடந்தது தெரியும். ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களும் அதில் உண்டு. அந்தக் குழுவில் என் அக்கா மகளும் இருக்கிறாள் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேண்டாங்க மாமா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள்.

அது திமிர் இல்லை. நோய். அனோரெக்ஸியா என்று பெயர். உடம்பு பெருத்துவிடுமோ என்ற பயத்தில் சோற்றையே ஒதுக்கவைக்கிற மனநோய். லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1873இல் விவரித்த நோய். செல்போன் வந்த பிறகு வந்த கொழுப்பு என்று சொல்கிறவர்கள் அந்த வருடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மனநோய்களிலேயே அதிகம் உயிர் எடுக்கிற நோய்களில் இது ஒன்று. பட்டினியால் இதயம் கெட்டுச் சாகிறவர்களும் உண்டு, தற்கொலை செய்துகொள்கிறவர்களும் உண்டு.

எங்கள் பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது. சித்திரை வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, கையில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் முளைத்தது. ஐந்து மாதம் மாதவிலக்கு நின்றுபோனது. ஒரு டாக்டர் ரத்தக் குறைவு என்று டானிக் எழுதினார், இன்னொருவர் வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அக்கா குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினாள். ஒன்பது மாதம் இப்படியே போனது. இதற்கிடையில் அந்தப் பிள்ளை நாள் பூராவும் சமையல் வீடியோ பார்ப்பாள். வீட்டில் எல்லோருக்கும் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்குவாள், நோம்பிக்கு ஒப்புட்டுச் சுடுவாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா" என்று நெய் ஊற்றுவாள். தான் மட்டும் ஒரு வாய் வைக்க மாட்டாள். சோற்றின் மேல் இவ்வளவு ஆசை இருக்கிறதே, பிறகு நடிப்பா என்று நானே நினைத்திருக்கிறேன்.

அது நடிப்பு இல்லை என்று பிறகுதான் புரிந்தது. 1944-45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நல்ல திடகாத்திரமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு எப்படிச் சோறு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை. அந்த வாலிபர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். கனவிலும் சாப்பாடு. எரிச்சல், அழுகை, யாரோடும் சேராமல் ஒதுங்குதல். பட்டினியே மனதை அந்த மாதிரி ஆக்குகிறது. இப்போது சொல்லுங்கள், நாலு நாள் பசிக்கவிட்டால் தெளிந்துவிடும் என்று கைதட்டினீர்களே, எதற்குத் தட்டினீர்கள்? பசிதான் அங்கே நோயை வளர்க்கிறது.

சரி, ஏன் வருகிறது? எங்களைப் பார்த்துக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே காரணம் எதிர்பார்த்தார்கள். அம்மா செல்லம், போன், காதல் தோல்வி. அப்படி ஒரே காரணம் கிடையாது. காய்ந்த சோளத்தட்டுப் போரில் பீடி நெருப்பு விழுந்தால் பற்றும். பச்சைக் காட்டில் அதே நெருப்பு அணைந்துபோகும். போர் காய்ந்து கிடப்பதில் பிறவிக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் அனோரெக்ஸியாவுக்குப் பாதிக்குப் பாதி, அதற்கு மேலும், பரம்பரை காரணம் என்று தெரிந்திருக்கிறது. எதிலும் குறையே இருக்கக்கூடாது என்கிற குணம், சின்ன வயதிலிருந்தே இருக்கிற பதற்றம், இவையும் சேரும். எங்கள் பிள்ளை வகுப்பில் முதல் மார்க். 98 எடுத்தால் அந்த இரண்டுக்காக அழுகிற பிள்ளை. நாமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

நெருப்பு எது? பெரும்பாலும் டயட். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயதுப் பிள்ளைகளை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 1999இல் ஓர் ஆய்வு வந்தது. கடுமையாக டயட் இருந்த பெண்பிள்ளைகளுக்கு, இல்லாதவர்களைவிட 18 மடங்கு அதிகமாக, இந்த மாதிரி சாப்பாட்டைச் சுற்றி வருகிற மனநோய் வந்திருந்தது. அந்த டயட்டை அந்த வயதில் ஒரு பிள்ளை எதற்கு ஆரம்பிக்கிறது?

இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. அவள் வயதுக்கு வந்ததற்குத் திரட்டுச் சீர் செய்தபோது வயது பதிமூன்று. தாய்மாமன் நான்தான். ஈரோட்டில் போய்ப் பட்டுச்சேலை எடுத்து, தட்டு வரிசையோடு போனேன். ஜாக்கெட் இறுக்கமாகப் போய்விட்டது. மேடையில் வைத்து, "மாமன் இன்னும் ரெண்டு மீட்டரு சேத்து எடுத்திருக்கோணுமாட்ட இருக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சீர் வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்துக் கோயமுத்தூரில் மனநல டாக்டர் கேட்டபோது அவள் முதலில் சொன்னது அந்த வார்த்தையைத்தான். ஒரு வார்த்தையால் இந்த நோய் வராது, நீங்கள் இதைச் சுமக்க வேண்டாம் என்று டாக்டர் எனக்குச் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். அந்த வயதில்தான் உடம்பு மாறுகிறது, சதை பிடிக்கிறது, இந்த நோய்க்கு ஆபத்தான காலமும் அதுவேதான். அந்தக் காலத்தில் பிள்ளையை மணையில் உட்காரவைத்து, ஊரே சுற்றி நின்று "நல்லாப் பூசினாப்ல இருக்கறா", "இப்படியே போனா மாப்பிள்ளை தேடறது கஷ்டம்" என்று பேசுகிறோம். வேறு எந்த நாளில் முந்நூறு பேர் ஒரு குழந்தையின் இடுப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள்?

"அக்கறையிலதானுங்க சொல்றோம்" என்பீர்கள். தெரியும். நானும் அக்கறையில்தான் சொன்னேன்.

"எங்க காலத்துல கம்மஞ்சோறு தின்னோம், இதெல்லாம் வந்துச்சா?" வந்தது. பேய் பிடித்தது என்றோம்.

"பணக்கார வீட்டு வியாதி" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஃபிஜி தீவில் அன்றைக்கெல்லாம் குண்டாக இருப்பதுதான் அழகு. பிள்ளை இளைத்தால் எங்கள் அம்மிச்சி மாதிரி அங்கேயும் கவலைப்படுவார்கள். 1995இல் அங்கே ஒரு பகுதிக்கு டிவி வந்தது. மூன்றே வருடத்தில், இளைப்பதற்காக வாந்தி எடுத்தேன் என்று சொன்ன பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்குப் பதினொரு பேர். முன்பு ஒருத்திகூட இல்லை. அது பணக்காரத் தீவா? இன்றைக்கு நம் பிள்ளைகள் கையில் இருப்பது அந்த டிவியைவிட எத்தனையோ மடங்கு. ஆகவே செல்போனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை.

"குண்டா இருந்தா சக்கரை வருமே, சொல்லக்கூடாதா?" இது நியாயமான கேள்வி, நானும் யோசித்தேன். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சமையலை மாற்றுங்கள். கொள்ளும் பச்சைப்பயிறும் கடையுங்கள், எல்லோரும் நடங்கள். அந்த ஒரு பிள்ளையின் வட்டலை மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். கேலிக்கு ஆளாகும் குண்டுப் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நோய் என்பதில்லை, பார்க்க நன்றாகவே இருக்கிற பிள்ளை பாத்ரூமில் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் வரும், ஜிம்மில் போய்ப் பாருங்கள்.

அவள் தேறி வந்தது யாரும் அதட்டி அல்ல. அக்கா வேலையை விட்டுவிட்டு மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம். திட்டாமல், கெஞ்சாமல், எழுந்தும் போகாமல். வற்றிய உடம்புக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி இதயமே நின்றுவிடலாம் என்று டாக்டர் அளந்து அளந்துதான் ஏற்றச் சொன்னார். அன்றைக்குப் பிரியாணி பொட்டலத்தோடு வந்து, "இத ஒரு புடி புடிச்சா எல்லாம் செரியாப் போகும்" என்றவர்தான் இந்த வீடியோவையும் போட்டவர். அன்று நான் ஒன்றும் பேசவில்லை. மரியாதைக்காகப் பேசவில்லை.

இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வீடியோ வந்த அன்றைக்கு ராத்திரி, "காலையில எனக்கு டிபன் வேண்டாங்கம்மா" என்றாளாம். அக்கா போனில் அழுதாள். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டாள். ஆனால் அந்த ஒரு வேளைக்கு நாங்கள் எவ்வளவு பயந்தோம் என்று உங்களுக்குத் தெரியாது.

யார் வீட்டிலாவது பிள்ளை சோற்றை ஒதுக்கினால், சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடினால், 14416க்குக் கூப்பிடுங்கள். அரசு மனநல உதவி எண், காசு கிடையாது.

அண்ணா, பெயர் சொல்லாவிட்டாலும் உங்களுக்குப் புரியும். வைகாசியில் உங்கள் பேத்திக்குத் திரட்டுச் சீர். பத்திரிகை வந்தது, குடும்பத்தோடு வருவேன். அதற்கு முன்னால் அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.