ஹெல் கிரீக் டைனோசர்களின் வயதும் கார்பன் கணக்கும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள ஹெல் கிரீக் பாறை அடுக்குகளில் கிடைத்த டைனோசர் எலும்புகள், கார்பன் காலக்கணிப்பின்படி சில பல்லாயிரம் ஆண்டுகளே பழையவை என்று பரவிவரும் செய்தி தவறானது. இக்கணிப்பில் அளக்கப்படும், உயிரினங்களின் உடலில் சேரும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எதையும் அதைக் கொண்டு அளக்க இயலாது. நிலத்தடி நீரும் நுண்ணுயிரிகளும் பிற்காலத்தில் எலும்புக்குள் சேர்க்கும் சிறிதளவு கார்பனே இத்தகைய பொய் வயதைக் காட்டிவிடும். இந்த வரம்பைச் சொல்லாமல் எண்ணை மட்டும் பரப்புவது வாசகர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆய்வாளர்கள் அளப்பது அடுக்குகளுக்கிடையே படிந்த எரிமலைச் சாம்பலை: அதிலுள்ள சானிடின் என்னும் கனிமப் படிகங்களில் பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயுவாக மாறியிருக்கும் விகிதத்தைக் கொண்டு, ஹெல் கிரீக் அடுக்குகளின் உச்சியை ஒட்டிய சாம்பலுக்கு ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். டைரனோசரஸ், டிரைசெராடாப்ஸ் எலும்புகள் அதற்குக் கீழேயுள்ள, அதாவது அதனினும் பழைய, அடுக்குகளிலேயே கிடைக்கின்றன.