எலும்புக்கூட்டுக்குக் கவுன் போட்டது யார்?

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், செத்துப்போன உறவினர்களுக்கு வீட்டில் படையல் வைக்கும் மெக்சிக்கோவின் ‘இறந்தோர் நாள்’ பற்றி இரண்டு வகைப் பதிவுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒரு கூட்டம், ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் மரபு, மூவாயிரம் ஆண்டுகளாக மாறாதது என்று மெய்சிலிர்க்கிறது. (மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அஸ்டெக்குகளே கிடையாது.) இன்னொரு கூட்டம், அங்கே நடக்கும் பெரிய ஊர்வலமே ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பார்த்து உண்டாக்கியது, எல்லாம் சுற்றுலா வியாபாரம் என்று உதட்டைப் பிதுக்குகிறது. மாயன்களும் தமிழர்களே என்று கிளம்பும் மூன்றாவது கூட்டமும் உண்டு. அவர்களை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

ஊர்வலச் சங்கதி உண்மைதான். 2015இல் வெளிவந்த ‘ஸ்பெக்டர்’ படம், மெக்சிக்கோ நகர வீதிகளில் எலும்புக்கூட்டு வேடக்காரர்கள் திரண்டு வரும் மாபெரும் ஊர்வலத்தோடு தொடங்கும். அப்படி ஓர் ஊர்வலம் அதுவரை அந்த நகரத்தில் வழக்கத்தில் இல்லை. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஊர்வலம் எங்கே என்று தேடுவார்களே என்று சுற்றுலாத் துறைக்குக் கவலை வந்தது. 2016 அக்டோபர் 29 அன்று முதல் ஊர்வலம் புறப்பட்டது. கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ‘போலி’ என்று ஒரே சொல்லில் கதையை முடிப்பவர்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது. யார் கையும் படாத அசல் ஒன்று எங்கோ பத்திரமாக இருந்தது போலவும், அதை ஹாலிவுட் வந்து கெடுத்துவிட்டது போலவும் பேசுகிறார்கள். அந்த அசலைத் தேடிப் போனால் எங்கே போய் நிற்போம்?

எல்லாப் படங்களிலும் இறகுத் தொப்பியும் நீளக் கவுனுமாக நிற்கும் எலும்புக்கூட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கத்ரினா என்கிறார்கள். பழங்காலத் தெய்வத்தின் வடிவம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளை வரைந்தவர் ஹோசே குவாடலூப்பே போசாடா. மலிவு விலைத் தாள்களுக்குக் கேலிப்படம் செதுக்கிப் பிழைத்தவர். தன் பூர்வகுடி ரத்தத்தை மறைத்துக்கொண்டு ஐரோப்பிய மேனி மினுக்கியவர்களைக் கிண்டலடிக்க, 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் போட்ட படம் அது. அவர் வரைந்தது தலையும் தொப்பியும் மட்டும்தான். அந்தத் தலைக்கு உடம்பும் கவுனும் கொடுத்தவர் மெக்சிக்க ஓவியர் டியேகோ ரிவேரா, 1947இல், ஒரு சுவரோவியத்தில். ஆக, ‘தொன்மையான அடையாளம்’ என்று கொண்டாடப்படுபவள் ஒரு பத்திரிகைக் கேலிச் சித்திரத்தின் பேத்தி. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், போசாடா 1913இல் வறுமையில் செத்தார். இலவசக் குழியில் புதைத்தார்கள். ஏழு ஆண்டு கழித்தும் கேட்க நாதியில்லாமல் எலும்புகளைத் தோண்டிப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். நாடு முழுக்க அவர் போட்ட மண்டை ஓடு சிரிக்கிறது. அவருக்கு ஒரு பூ வைக்கலாம் என்றால் கல்லறை இல்லை.

தேதிக்கும் இதே கதைதான். நவம்பர் 2 கத்தோலிக்கத் திருச்சபை கொடுத்த நாள். பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடங்களில் தொடங்கிவைத்தது. ஸ்பானியர் வருமுன் அந்த மண்ணில் இறந்தவர்களுக்கான விழாக்கள் ஏறக்குறைய ஆகஸ்ட் மாதத்தில் நடந்தன. டியேகோ துரான் என்ற துறவி 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. புனிதர் அனைவரின் நாளன்று (நவம்பர் 1) மக்கள் இறந்த குழந்தைகளுக்குப் படைக்கிறார்கள், மறுநாள் பெரியவர்களுக்குப் படைக்கிறார்கள், பழைய விழாவைத்தான் தேதி மாற்றித் திருச்சபை விழாவுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ‘இது அசல் இல்லை’ என்ற புகாருக்கே நானூறு வயதுக்கு மேல் ஆகிறது. அன்று புகார் சொன்னவர் பாதிரியார், இன்று சொல்பவர்கள் நாம்.

ஒரு விழா அசலா என்று பார்க்க அதன் வயதைக் கேட்டுப் பயனில்லை என்பது என் கட்சி. அதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வெறுமனே நின்று பார்ப்பவர் எத்தனை பேர், கைவேலை உள்ளவர் எத்தனை பேர்?

ஒரு சாதாரண மெக்சிக்க வீட்டின் படையல் மேசையைப் பாருங்கள். இறந்தவரின் படம் நடுவில். தூரத்திலிருந்து வருகிறவருக்குத் தாகமாக இருக்கும் என்று ஒரு குவளைத் தண்ணீர். ஒரு கிண்ணம் உப்பு. மெழுகுவர்த்திகள். நம் சாம்பிராணி போல மரப்பிசினில் போடும் கோப்பால் புகை. எலும்பு வடிவில் மாவைத் திரித்து மேலே ஒட்டிச் சுட்ட ரொட்டி. மிளகாயும் கொக்கோவும் அரைத்த மோலே குழம்பு. பிறகு அவரவர் விருப்பம்: தாத்தாவுக்கு ஒரு மிடறு மெஸ்கால் சாராயம், அவர் பிடித்த அதே சிகரெட், சின்ன வயதில் போய்விட்ட பிள்ளைக்குப் பொம்மையும் காரமில்லாத சாப்பாடும். வாசலிலிருந்து மேசை வரை செண்டுப்பூ இதழ்களை உதிர்த்து ஒரு பாதை. வழி தவறாமல் வந்து சேர வேண்டுமே. இதில் வேடிக்கை பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? சமைப்பவர், இதழ் உதிர்ப்பவர், மேசைத் தாளைச் சரி செய்பவர், தாத்தாவுக்கு எந்த சிகரெட் என்று சண்டை போடுபவர் என்று எல்லாருக்கும் வேலை.

இதன் உச்சம் கம்பெச்சே மாநிலத்தின் பொமுச் என்ற மாயன் இனத்தவரின் ஊர். அங்கே அடக்கம் செய்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எலும்புகளை எடுத்து மரப்பெட்டியில் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் இறந்தோர் நாளுக்கு முன் குடும்பத்தார் வந்து பெட்டியைத் திறக்கிறார்கள். ஒவ்வோர் எலும்பாக எடுத்துத் தூரிகையால் தூசி தட்டித் துடைக்கிறார்கள். பழைய துணியை எடுத்துவிட்டு, பூத்தையல் போட்ட புதுத்துணியை விரிக்கிறார்கள். நீள எலும்புகள் அடியில், மண்டை ஓடு மேலே. தலைமுடி மிச்சமிருந்தால் அதுவும் சேர்ந்தே இருக்கும். வேலை நடக்கும்போது பெட்டிக்குள் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அருவருப்பாகச் சிலருக்குத் தோன்றலாம். அம்மாவைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை உடுத்துவது யாருக்கு அருவருப்பு?

இப்போது சினிமா பெற்ற அந்த ஊர்வலத்துக்கு வருகிறேன். 2017 செப்டம்பர் 19 அன்று மெக்சிக்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் தலைநகரில். இடிபாடுகளுக்கு மேல் நின்ற மீட்புப் பணியாளர்கள் முஷ்டியை உயர்த்தினால் சுற்றிலும் உள்ள அத்தனை பேரும் வாயை மூட வேண்டும். உள்ளே யாராவது முனகுகிறார்களா என்று காது கொடுப்பதற்காக. அடுத்த மாதம் ஊர்வலத்தின் இரண்டாம் ஆண்டு. நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்கும் மீட்கப் போராடியவர்களுக்கும் அதைக் காணிக்கையாக்கினார்கள். அதே உயர்த்திய முஷ்டி வீதியில் வந்தது. பாதுகாப்புத் தலைக்கவசம் போட்ட எலும்புக்கூடுகள் நடந்தன. ஓர் ஆண்டுக்கு முன் பயணிகளைக் கவர உண்டாக்கிய வெற்றுப் பாத்திரத்தில் அந்த நகரம் தன் பிணங்களைக் கொண்டுவந்து வைத்தது. இதற்குப் பிறகும் ‘பாண்ட் ஊர்வலம்’ என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது வேறு. மெக்சிக்கோவின் பாட்ஸ்குவாரோ ஏரியில் ஹனிட்சியோ என்று ஒரு தீவு. நவம்பர் 1 இரவு புரேப்பச்சா என்ற பூர்வகுடியின் பெண்கள் கல்லறைகளின் அருகே மெழுகுவர்த்தி ஏற்றி, கம்பளி போர்த்தி விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். படகு படகாக வந்து இறங்கும் வெளியூர்க் கூட்டம், துக்கத்தில் இருப்பவளின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறது. வீதி ஊர்வலம் வேடிக்கை பார்ப்பதற்கென்றே வைத்தது. போய்ப் பாருங்கள், யார் வேண்டாம் என்றது? கல்லறை அப்படியல்ல. பிக்சாரின் ‘கோகோ’ படத்துக்காக இந்தப் பண்டிகையின் பெயரையே வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய 2013இல் டிஸ்னி நிறுவனம் விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கிக்கொண்டது. அதைக் கண்டிக்க ஊரே திரண்டது. கல்லறையில் பளிச்சிடும் ஃபிளாஷைக் கண்டிக்க அவ்வளவு பேரைக் காணோம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், மயனை எல்லாம் இழுக்க வேண்டியதில்லை. அதே நவம்பர் 2 நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். முதல் நாளே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து வைப்பார்கள். மறுநாள் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பங்கள் காத்து நிற்க, பாதிரியார் கல்லறை கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். வைக்கிற பூக்களில் செண்டுமல்லியும் இருக்கும். அது மெக்சிக்கோ பக்கத்துப் பூர்வீகப் பூ. ஐரோப்பியர் கப்பல் ஏறித்தான் இந்தியா வந்தது. ஆயுத பூஜைக்கு லாரி முகப்பில் மாலையாகத் தொங்குவதும், சாமி படத்தில் ஏறுவதும் அதே பூதான். இது அந்நியப் பூ ஆயிற்றே என்று இதுவரை ஒருவரும் பூக்கடையில் மாலையைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அண்மை ஆண்டுகளில் மெக்சிக்கர்கள் அக்டோபர் 27ஐச் செத்துப்போன நாய்க்கும் பூனைக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். படையல் மேசையில் ஒரு கிண்ணம் தீனி, ஒரு பழைய பந்து. தாத்தாவுக்கு வைக்கும் மேசையில் நாய்க்கு என்ன இடம் என்று முணுமுணுக்கும் பெரியவர்களும் இருப்பார்கள். இன்னும் முப்பது ஆண்டு போகட்டும். இதுவும் ஆதிகாலத்து வழக்கம் ஆகிவிடும். செத்தவரை மறுவுலக ஆற்றைக் கடத்திவிடும் நாய் ஏற்கெனவே அஸ்டெக் கதையில் இருக்கிறது, ஆகவே ஆதாரத்துக்கும் பஞ்சம் வராது.